பிக்கப்பில் எயார் ஹோர்ன் பூட்டுவதற்கு முன்

வெங்காயம் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்குப் போன சாரதி ஒருவர், திரும்பி வரும்போது சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வந்தார்; காற்றழுத்தத்தில் பெருஞ்சத்தம் எழுப்பும் எயார் ஹோர்னுக்காக மறித்த பொலிஸார் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிக்கப்பில் எயார் ஹோர்ன் பூட்டச் சொன்னவர் வாகனத்தின் சொந்தக்காரர். “எல்லாரும் பூட்டுகினம், ஒரு பிரச்சினையும் வராது” என்று சொல்லி விற்றது கடை. ஒரு மணித்தியாலத்தில் பூட்டிக் கொடுத்தவர் கராஜ் பாஸ் (மெக்கானிக்). தண்டச் சீட்டு மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரின் பெயரில் எழுதப்பட்டது. அந்த ஒரு தாளோடு அவர் பட்ட அலைச்சலை அருகிலிருந்து பார்த்ததனாலேயே இதை எழுதுகிறேன்.

விதி சிறியது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011 டிசம்பரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகளின்படி, வாகன ஹோர்னின் ஒலி 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபலையும் 7 மீற்றர் தூரத்தில் 93 டெசிபலையும் தாண்டக் கூடாது. இதற்கு மேலாக 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஏட்டில் மட்டும் கிடந்த இந்த விதியை, 2025 ஜூலை முதல் பொலிஸார் நாடு முழுவதும் இறுக்கமாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினர். பேருந்துக்காரர்களுக்குத்தான் இந்தக் கெடுபிடி என்று எண்ணியிருந்த பிக்கப், பட்டா (சிறு லொறி) வாகனக்காரர்கள் பலர் அதன் பிறகுதான் வீதியில் மறிக்கப்பட்டார்கள்.

கடையில் ஹோர்ன் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். 130, 150 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று போட்டிருக்க மாட்டார்கள். 130 என்பது 105ஐவிடக் கால்வாசி கூட என்று நினைப்பவர்கள் உண்டு. டெசிபல் கணக்கு அப்படி ஏறுவதில்லை. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. அந்தக் கணக்கில், 2 மீற்றரில் 130 டெசிபல் எழுப்பும் ஹோர்ன், அனுமதித்த அளவைப் போல முந்நூறு மடங்குக்கும் மேலான சக்தியை வெளிவிடுகிறது. கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டில் “அனுமதி பெற்றது” என்று எழுதியிருந்தாலும் அது வெறும் பற்றுச்சீட்டுத்தான். எயார் ஹோர்னுக்கென்று ஒரு திணைக்களம் கொடுத்த அனுமதிக் கடிதத்தை நான் இதுவரை எந்தச் சாரதியின் கையிலும் கண்டதில்லை. கண்டதெல்லாம் கடையின் முத்திரை குத்திய தாள்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பித்தாயிற்று, புகைப் பரிசோதனையிலும் தேறிவிட்டது, ஆகவே வாகனத்தில் குறையில்லை என்று வாதிடுவதால் பயனில்லை. புகைப் பரிசோதனை புகையை மட்டுமே பார்க்கிறது. பிரதேச செயலகத்தின் கருமபீடத்தில் இருப்பவர் உங்கள் ஹோர்னை அடித்துப் பார்ப்பதில்லை. வாகனப் புத்தகத்தில் உங்கள் பிக்கப் எந்த வகையில் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். இரட்டை நோக்க வாகனமாகப் பதிந்திருந்தால் ஒரு வழி, லொறியாகப் பதிந்திருந்தால் வேறு வழி. லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும்; பரிசோதனைக்குப் போகும் காலையில் எயார் ஹோர்னைக் கழற்றிவிட்டு மாலையில் திரும்பப் பூட்டுகிற வழக்கம் இங்கே சாதாரணம். சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று வீதியில் நீட்டினால், அது அன்றைக்கிருந்த வாகனத்துக்குத் தந்தது என்ற பதில்தான் கிடைக்கும், அந்தப் பதிலில் பிழையும் இல்லை.

சுவிட்ச் வைத்தால் தப்பலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. டாஷ்போர்ட்டின் கீழே ஒரு சிறு சுவிட்ச். ஊருக்குள் பழைய ஹோர்ன், ஏ9 வீதியில் எயார் ஹோர்ன். பொனற்றைத் திறக்கச் சொல்லும் அதிகாரி காற்றை அழுத்தித் தரும் கொம்பிறசரையும் இரண்டு குழல்களையும் கண்ட பிறகு, சுவிட்ச் எந்தப் பக்கம் கிடந்தது என்று ஆராய்ந்துகொண்டு நிற்க மாட்டார்.

எல்லாவற்றிலும் கொடுமையானது பழைய ஹோர்னின் கதை. பல கராஜ்களில் எயார் ஹோர்னுக்கு வேறு வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, வாகனத்தோடு வந்த கொம்பனி ஹோர்னுக்குப் போகும் வயரை வெட்டி, அதிலேயே புதியதைக் கொடுத்துவிடுகிறார்கள். றிலே (பெரிய மின்னோட்டத்தைத் தனி வயரில் விடும் மின்சுவிட்ச்) இல்லாமல் இப்படிக் கொடுத்தால், கொம்பிறசர் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்க முடியாமல் பியூஸ் போகும். பியூஸ் போகிறதே என்று பெரிய பியூஸ் போட்டால் வயர் உருகும். நான் பார்த்த ஒரு பிக்கப்பில் ஹோர்ன் வயரின் பிளாஸ்ரிக் உறை பற்றரிக்குப் பக்கத்தில் கருகிச் செம்புக்கம்பி வெளியே தெரிந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வீதியிலேயே எயார் ஹோர்னைக் கழற்றச் சொன்னால், பழைய ஹோர்னின் வயர் வெட்டப்பட்டிருப்பதால் உங்கள் வாகனத்தில் ஹோர்னே இல்லை. ஹோர்ன் வேலை செய்யாத வாகனத்தை ஓட்டுவது வேறொரு குற்றம். ஒரு குற்றத்தைத் திருத்தப் போய் அடுத்த மறிப்பில் இன்னொன்றுக்குச் சீட்டு வாங்கியவர் இருக்கிறார். ஆகவே எதைப் பூட்டினாலும் கொம்பனி ஹோர்னின் வயரில் கை வைக்க வேண்டாமென்று பாஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; வேலை முடிந்ததும் அதை நீங்களே அழுத்திப் பாருங்கள்.

இனித் தண்டச் சீட்டு. கையில் தரப்படும் தாள் இரண்டில் ஒன்று: தபாலகத்தில் கட்டித் தீர்க்கும் தண்டம், அல்லது நீதிமன்றத் தவணை. இந்த வேறுபாட்டை அந்த இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் வருவதுதான் நான் மேலே சொன்ன சாரதிக்கு வந்த கதி. அவரது தாள் முழுவதும் சிங்களத்தில், அதுவும் அவசரக் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. சட்டைப் பையில் வியர்வையில் ஊறி நான்காக மடிந்திருந்த அந்தத் தாளை, ஒன்பதாவது நாள் தபாலகத்துக்குக் கொண்டுபோனார். எழுதுநர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்; தண்டத்தொகை எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. சுன்னாகத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரர்தான் அது நீதவான் நீதிமன்றத் தவணை என்று சொல்லித் திகதியையும் வாசித்துக் காட்டினார். அந்தத் தவணைக்காகச் சாரதி இரவோடிரவாகப் பஸ் ஏறி, இரண்டு நாள் கூலியை இழந்து போய்வந்தார். சொந்தக்காரர் பஸ் காசு மட்டும் கொடுத்தார்.

இவ்வளவையும் தவிர்த்திருக்கலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. நள்ளிரவில், வீதியோரத்தில், டோர்ச் வெளிச்சத்தில் இந்த உறுப்புரையை எடுத்துச் சொல்வதால் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று கேள்விகளை எவரும் பணிவாகக் கேட்கலாம்: குற்றம் என்னவென்று எழுதியிருக்கிறீர்கள், இது தபாலகமா நீதிமன்றமா, எந்தப் பொலிஸ் நிலையத்தில் அனுமதிப்பத்திரம் இருக்கும். பதிலைத் தாளின் பின்பக்கத்தில் தமிழில் நீங்களே எழுதி, இரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒலிமானியால் அளந்தார்களா என்பதையும் குறித்து வைப்பது நல்லது. நான் நின்று பார்த்த சோதனைகளில் ஒலிமானி எவரிடமும் இருக்கவில்லை, காதுதான் அளவுகோல். அங்கே வாக்குவாதப்படுவதைவிட, அளக்கப்படவில்லை என்பதைச் சட்டத்தரணியிடம் சொல்வதே பயன்படும்.

தபாலகத் தண்டமாக இருந்தால் நாட்களை எண்ணுங்கள், ஞாயிறும் போயாவும் சேர்த்தே எண்ணுங்கள். 14 நாட்களுக்குள் கட்டினால் எழுதிய தொகை. அது கடந்தால் 28ஆவது நாள் வரை இரு மடங்கு. அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். அனுமதிப்பத்திரத்துக்குப் பதிலாகத் தரப்படும் தற்காலிகப் பத்திரமும் 14 நாட்களுக்குத்தான் செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதினைந்தாவது நாள் தண்டம் கட்டாத சாரதி, அனுமதிப்பத்திரமே இல்லாத சாரதியாகிவிடுகிறார்.

பணம் கட்டியதும் வேலை முடிவதில்லை. பற்றுச்சீட்டைக் கொண்டுபோய், மறித்த பொலிஸ் நிலையத்தில் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். “அதற்குப் பொறுப்பானவர் லீவு, நாளைக்கு வாருங்கள்” என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வசனம். நாளை என்பது அவர்களுக்கு அடுத்த நாள், உங்களுக்கு இன்னொரு இருநூறு கிலோமீற்றர். புறப்படுவதற்கு முன் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, பொறுப்பானவர் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டின் பிரதி இரண்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மூலத்தை வாங்கி வைத்துக்கொண்டு “இன்னும் பதியப்படவில்லை” என்று சொன்ன இடமும் உண்டு. அட்டையைக் கையில் தந்ததும், புத்தகத்தில் கையொப்பமிடுவதற்கு முன், அது உங்களுடையதுதானா என்று இலக்கத்தைப் பாருங்கள்.