வயர் உரிக்கிறப்போ காப்பர்ல கீறல் விழக்கூடாது

சர்வீஸுக்கு வர்ற போர்டு நெறையதுல ஐசி, கெப்பாசிட்டர் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், சோல்டர் பண்ண இடத்தை ஒட்டி வயர் மட்டும் முறிஞ்சிருக்கும். லென்ஸ் வச்சுப் பாத்தா, உரிக்கிறப்போ பிளேடு காப்பரைச் சுத்திக் கீறியிருக்கறது தெரியும். உரிச்ச அன்னைக்கு மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி (வயர் அறுபடாம இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) கரெக்டா காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது, அப்புறம் மெஷின் அதிர அதிர வயர் ஆட ஆட அந்தக் கீறல்லயே ஒடைஞ்சுடும். 7 இழை வயர்ல 2 இழை அறுந்தாலே கால்வாசிக்கு மேல காப்பர் போச்சு. மிச்சம் இருக்கேன்னு விட்டுடாதீங்க, அந்த நுனியை வெட்டிட்டு மறுபடி உரிங்க.

தயவுசெஞ்சு பல்லால கடிக்காதீங்க, லைட்டர்ல சுடாதீங்க. பிவிசி எரிஞ்சா வர்ற புகை நுரையீரலுக்குக் கெடுதல், கருகின காப்பர்ல ஈயமும் ஒட்டாது.

என்னைக் கேட்டா முதல்ல வாங்க வேண்டியது, அளவு ஓட்டை போட்ட 20-லேருந்து 30 கேஜ் (வயர் தடிமனைச் சொல்ற AWG நம்பர்) வரைக்கும் உள்ள ஸ்ட்ரிப்பர், அதாவது வயர் தோலை உரிக்கிற கருவி. வீட்டு வயரிங்குக்கு வர்ற பெரிய ஸ்ட்ரிப்பர் இதுக்கு ஆகாது. கேஜ் நம்பர் ஏற ஏற வயர் மெலிசாகும், 22 கேஜ் ஒத்தைக் கம்பின்னா சுமார் 0.64 மிமீ, 30 கேஜ்னா 0.25 மிமீ தான். அதே கேஜ்ல இழை வயர் கொஞ்சம் தடிமனா இருக்கும், அதனால நல்ல ஸ்ட்ரிப்பர்ல ரெண்டுக்கும் தனித்தனியா அளவு போட்டிருப்பாங்க, அதைப் பாத்து வைங்க. சந்தேகமா இருந்தா பெரிய ஓட்டையில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கீழ வாங்க. ஆட்டோமேட்டிக் ஸ்ட்ரிப்பர் நெறைய பிவிசி வயர் உரிக்க வேகமா இருக்கும், ஆனா மெலிசான வயர்ல இன்சுலேஷனை நசுக்கிடும், வேஸ்ட் துண்டுல பாத்துட்டு அப்புறம் வேலையில கை வைங்க.

டெஃப்லான் இன்சுலேஷன் போட்ட வயர் வழுக்கும், பிளேடு நல்ல ஷார்ப்பா இல்லேன்னா பிசிறு பிசிறா வரும். சூட்டுல உரிக்கிற தெர்மல் ஸ்ட்ரிப்பர்ல காப்பர் பக்கம் கத்தியே போகாது, ஆனா டெஃப்லான் சூடாகி வர்ற புகையை சுவாசிச்சா காய்ச்சல் மாதிரி வந்து படுத்தும், எக்ஸாஸ்ட் இல்லாம செய்யவே செய்யாதீங்க.

உரிக்கிறப்போ வயர் பிளேடுக்கு நேரா இருக்கணும், சாய்ச்சு இழுத்தா ஒரு பக்கம் கண்டிப்பா கீறும். இழை வயர்னா தோலை முழுசா உருவாம பாதியில நிறுத்திட்டு, அந்தத் துண்டைப் பிடிச்சு இழை முறுக்கியிருக்கிற திசையிலயே திருகி உருவுங்க, இழை பிரியாது, கை எண்ணெயும் காப்பர்ல படாது.

ஸ்க்ரூ டெர்மினலுக்குப் போற இழை வயர் நுனியில ஈயம் பூசாதீங்க, ஸ்க்ரூ அழுத்தத்துல ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து பிடி தளர்ந்துடும், அங்க ஃபெரூல் (நுனியில மாட்டுற சின்ன உலோகக் குழாய்) போட்டு, கருவியால அழுத்தி கிரிம்ப் பண்ணுங்க.