‘இல்லத்தரசி மகள்’ அல்ல, ‘வீட்டோடு மகள்’

‘ஸ்டே அட் ஹோம் டாட்டர்’ என்பதைத் தமிழில் ‘இல்லத்தரசி மகள்’ என்று எழுதுகிறார்கள். ஒருவர் எழுதினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மொழிபெயர்ப்புக் கட்டுரையில் பார்த்தேன், அப்புறம் ஒரு ஆவணப்படத்தின் துணையெழுத்தில், இப்போது காணொளித் தலைப்புகளிலும். இனிமேல் சும்மா இருந்தால் அகராதியிலேயே ஏற்றிவிடுவார்கள்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பழமைவாதப் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் சிலவற்றில், பெரும்பாலும் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களில், பள்ளிப் படிப்பு முடிந்த மகள் வெளியூர்க் கல்லூரிக்கோ வேலைக்கோ போவதில்லை. திருமணம் ஆகும்வரை தந்தையின் வீட்டில், தந்தையின் பொறுப்பில் இருக்கிறாள். தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், சமைக்கிறாள், தைக்கிறாள், தந்தை தொழில் நடத்தினால் கணக்கு எழுதுகிறாள். சிலர் தபால் வழியிலோ இணையம் வழியிலோ பட்டமும் வாங்குகிறார்கள். அதற்குத் தடையில்லை, வீட்டைவிட்டுப் போவதற்குத்தான் தடை. 2005இல் அன்னா சோஃபியா பாட்கின், எலிசபெத் பாட்கின் என்ற இரு சகோதரிகள் எழுதிய நூல் இந்த வாழ்க்கையை ஒரு கொள்கையாகவே முன்வைத்தது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருந்த விஷன் ஃபோரம் என்ற அமைப்பு இதே கருத்துகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதன் தலைவர் டக் ஃபிலிப்ஸ் 2013இல் தகாத உறவை ஒப்புக்கொண்டு விலகினார், அந்த ஆண்டே அமைப்பும் மூடப்பட்டது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

சொல் பிறந்த கதை சிறியது. ‘ஸ்டே அட் ஹோம்’ என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் உண்டு, வெளியே கிளம்பாமல் வீட்டையே சுற்றிவருபவரைச் சற்றுக் கேலியாகச் சொல்வது. பிற்பாடு அது வேலைக்குப் போகாத தாய்க்கு அடைமொழியாகி ‘ஸ்டே அட் ஹோம் மதர்’ என்று நிலைத்தது. அதில் தாயை எடுத்துவிட்டு மகளை வைத்தார்கள். அவ்வளவுதான்.

இங்கேதான் நம் மொழிபெயர்ப்பாளர் சறுக்குகிறார். வேலைக்குப் போகாத தாயை ‘இல்லத்தரசி’ என்று எழுதிப் பழகிய கை, மகள் வந்ததும் பின்னால் ‘மகள்’ என்று ஒட்டிவிட்டது. ‘இந்த இல்லத்தரசி மகள் கல்லூரிக்குப் போக விரும்பவில்லை’ என்று ஒரு வாக்கியம் வந்தால் எப்படிப் படிப்பீர்கள்? ஆசிரியர் மகள் என்றால் ஆசிரியருடைய மகள். விவசாயி மகள் என்றால் விவசாயியுடைய மகள். அப்படியானால் இல்லத்தரசி மகள் யார்? இல்லத்தரசியுடைய மகள். அம்மா வேலைக்குப் போகாததற்கும் மகள் கல்லூரிக்குப் போகாததற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் விழிப்பார். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் ஆறாம் வேற்றுமை, அது மொழிபெயர்ப்பாளர் மேசையில் மட்டும் வேலை செய்யாது போலும்.

இலக்கணத்தை விட்டாலும் பொருள் இடிக்கிறது. இல்லத்தரசி என்றால் மனைவி. வேறு எவளையும் தமிழ் அப்படிச் சொல்வதில்லை. இல் என்ற வேரிலிருந்து இல்லாள், மனை என்ற வேரிலிருந்து மனைவி, மனையாள். வீட்டைக் குறிக்கும் சொல்லோடு பெண்பால் விகுதி சேர்ந்தாலே தமிழில் அவள் கல்யாணமானவள் ஆகிவிடுகிறாள். வீட்டோடு மகள் என்பவளின் முதல் இலக்கணமே அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான். அதோடு, அவள் அரசியும் இல்லை. இந்த இயக்கத்தின் போதனைப்படி வீட்டின் தலைமை தந்தையுடையது. மகளின் வேலை அந்தத் தலைமைக்குக் கீழ்ப்பட்டிருந்து துணை செய்வது. அந்தக் கொள்கையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இதை மறுப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டும் கிரீடம் வைத்துவிடுகிறார்.

இதற்கு மாற்றாக வந்தவையும் உருப்படியில்லை. ‘இல்லற மகள்’ என்று ஒருவர் எழுதுகிறார். இல்லறம் துறவறத்துக்கு எதிர்ப்பதம், கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துவது. கல்யாணத்துக்குக் காத்திருப்பவளை இல்லறத்தில் உட்காரவைத்தால் எப்படி? ‘மனைமகள்’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழந்தமிழில் மகள் என்றால் பெண் என்றும் மனைவி என்றும் பொருள் உண்டு, முன்னால் மனையும் சேர்ந்தால் மறுபடி மனைவியிடம்தான் போய் நிற்கும். ‘இல்லக் கன்னியர்’ இன்னும் மோசம். கிறிஸ்தவச் சூழலில் கன்னியர் என்றால் யார் நினைவுக்கு வருவார்கள்? மடத்தில் இருக்கும் கத்தோலிக்கத் துறவியர். திருமணமே வேண்டாம் என்று நேர்ந்துகொண்டவர்களையும், திருமணத்துக்காகவே தங்களைத் தயார்செய்துகொள்ளும் புராட்டஸ்டன்ட் பெண்களையும் ஒரே சொல்லில் கட்டிப்போட ஒரு தனித் திறமை வேண்டும்.

தூய தமிழ் ஆர்வலர் ஒருவரின் ஆக்கம் ‘இற்செறி மகள்’. இதை மட்டும் எளிதில் தள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் சொல் உண்மையிலேயே நல்ல சொல். இற்செறிப்பு சங்க காலக் காதல் பாடல்களில், அதாவது அகப்பாட்டில் வரும் சொல்: தலைவியின் களவு, அதாவது மறைவான காதல், தெரிந்தோ, அவள் பருவம் கண்டோ, தாய் அவளைத் தினைப்புனக் காவலுக்கு அனுப்பாமல் வீட்டுக்குள் நிறுத்திவைப்பது. வீடு இருக்கிறது, மணமாகாத மகள் இருக்கிறாள், வெளியே போகாமையும் இருக்கிறது. எல்லாம் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் செறிப்பது தாய், செறிக்கப்படுவது மகள். இது அவள்மேல் பிறர் செய்யும் செயல், அவளுக்கு அதில் விருப்பமும் கிடையாது. தோழி போய்த் தலைவனிடம் சொல்லி, சீக்கிரம் வரைந்துகொள், அதாவது மணந்துகொள், என்று நெருக்குவதற்கே இற்செறிப்பு பாட்டில் வருகிறது. அமெரிக்க மகளோ தானே விரும்பி இருக்கிறேன் என்று மேடையேறிச் சொல்கிறாள். அந்த விருப்பம் எந்த அளவுக்கு அவளுடையது என்று வெளியேறி வந்த பெண்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த வழக்கின் தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவிட மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. அதுபோக, அகப்பாட்டு படித்தவர் இற்செறிப்பு என்றதும் அடுத்து உடன்போக்கு எப்போது, அதாவது தலைவி காதலனோடு வீட்டைவிட்டுக் கிளம்புவது எப்போது, என்று பக்கத்தைப் புரட்டுவார். அந்தத் தந்தைமாருக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை.

சரி, வேறு என்னதான் சொல்வது? நாம் தினம் சொல்வதையே சொல்லலாம். ‘பொண்ணு வேலைக்குப் போகுதா?’ ‘இல்லை, வீட்டோடதான் இருக்கு.’ இதைவிடச் சரியான சொல்லை எந்தக் கலைச்சொல் குழுவும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ‘வீட்டில்’ என்றால் இடம் மட்டும்தான். விடுமுறைக்கு வந்தவளும் வீட்டில்தான் இருக்கிறாள், காய்ச்சலில் படுத்தவளும் வீட்டில்தான் இருக்கிறாள். ‘வீட்டோடு’ என்பதில் இருக்கும் ஓடு மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சிப் பொருள் தருவது. வீட்டை விட்டுப் பிரியாமல், அதன் போக்கோடு தன் போக்கையும் சேர்த்துக்கொண்டு இருப்பது. ஒரு சின்ன உருபு இவ்வளவு வேலை செய்கிறது.

‘வீட்டோடு மாப்பிள்ளை’யின் கேலி இதிலும் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்கலாம். கொஞ்சம் ஒட்டும். ஒட்டினால் என்ன? ஆங்கில மூலத்திலும் அந்த லேசான கேலி இருந்தது என்று மேலே சொன்னேனே. மேலும், அமைப்பு அப்படியே பொருந்துகிறது. வெளியே போய்த் தனக்கென்று ஒரு வீடு பார்த்துக்கொள்வார் என்று ஊர் எதிர்பார்க்கும் ஒருவர், போகாமல் ஒரு பெரியவரின் கூரைக்குக் கீழே நின்றுவிடுவது. மாப்பிள்ளைக்கு மாமனார், மகளுக்குத் தந்தை.

வேதாகமத்திலேயே சொல் இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது. இந்த இயக்கம் அடிக்கடி நீட்டும் வசனம் புதிய ஏற்பாட்டில் உள்ள தீத்து 2:5. பழைய தமிழ் வேதாகமம் அதை ‘வீட்டில் தரித்திருக்கிறவர்களும்’ என்று பெயர்த்திருக்கிறது. கிரேக்கப் பிரதிகளில் இந்த இடத்தில் ஒரே ஒரு எழுத்து வேறுபாடு உண்டு. பழமையான பிரதிகளில் இருப்பது ஒய்கூர்கூஸ், அதாவது வீட்டில் வேலை செய்கிறவர்கள். பிற்காலப் பிரதிகளில் ஒய்கூரூஸ், வீட்டைக் காக்கிறவர்கள். 1611இன் ஆங்கில வேதாகமமும் நம் பழைய மொழிபெயர்ப்பும் பின்னதன் வழி போனவை. ‘தரித்திருத்தல்’ கம்பீரமான சொல்தான், ஆனால் அந்த வசனம் பேசுவது புருஷனும் பிள்ளைகளும் உள்ள பெண்களைப் பற்றி. மகளுக்காக இவர்கள் எடுப்பது எண்ணாகமம் 30ஆம் அதிகாரம்: தகப்பன் வீட்டில் இருக்கும் இளம்பெண் செய்த பொருத்தனையை, அதாவது கடவுளிடம் நேர்ந்துகொண்டதை, தகப்பன் தடுத்தால் அது நிற்காது என்ற சட்டம். வீடு அங்கேயும் தகப்பன் வீடு. அதனால்தான் ‘தந்தைவீட்டு மகள்’ என்றும் யோசித்துப் பார்த்தேன். துல்லியம்தான், ஆனால் பிறந்தவீட்டுக்கு வந்திருக்கும் பெண் என்று தோன்றிவிடுகிறது.

இதே பெயர்ப்பாளர்கள் இந்த இயக்கத்தின் மற்றச் சொற்களையும் விட்டுவைக்கவில்லை. மனைவியைக் குறிக்கும் ‘ஹெல்ப்மீட்’ என்பதை ‘உதவியாளர்’ என்று எழுதினால் அலுவலகத்தில் கோப்பு தூக்குபவர் மாதிரி இருக்கிறது. ஆதியாகமம் 2:18இல் ‘ஏற்ற துணை’ என்று அழகாக இருப்பதைப் புரட்டிப் பார்த்தால் என்ன? ‘கோர்ட்ஷிப்’ என்பதைக் ‘காதல்’ ஆக்கிவிடுகிறார்கள். தந்தையின் அனுமதியோடு, தந்தையின் கண் முன்னால், கல்யாணத்தை மட்டுமே குறியாக வைத்துப் பழகுவது அது. காதல் என்று அவர்கள் வீட்டில் சொன்னால் அடிக்க வருவார்கள். கடவுள் கொடுக்கும் அத்தனை பிள்ளைகளையும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்களின் ‘குவிவர்ஃபுல்’ என்ற பெயர் சங்கீதம் 127இல் வரும் அம்பறாத்தூணியிலிருந்து வந்தது, பிள்ளைகளை அம்புகள் என்று சொல்லும் இடம். ‘குவிவர்’ என்றால் ஆங்கிலத்தில் நடுக்கம் என்றும் பொருள் உண்டு. அதை ‘முழு நடுக்கம்’ என்று பெயர்த்தவரை நான் பார்க்கவில்லை, ஆனால் வருவார். ‘பேட்ரியார்க்கி’ இன்னொரு வம்பு. இவர்கள் அதைத் தங்கள் கொள்கையின் பெயராகவே பெருமையோடு சொல்லிக்கொண்டவர்கள். அவர்கள் வாயில் ‘ஆணாதிக்கம்’ என்று போட்டால், ‘நாங்கள் ஆணாதிக்கத்தை ஆதரிக்கிறோம்’ என்று ஒப்புதல் வாக்குமூலம் தருவதுபோல் ஆகிறது. விமர்சகர் பேசும்போது ஆணாதிக்கம் என்று எழுதுங்கள், இவர்கள் பேசும்போது தந்தையாட்சி என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சீனாவில் வேலை கிடைக்காத இளைஞர்கள் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு வீட்டு வேலை செய்வதை ‘முழுநேரப் பிள்ளைகள்’ என்கிறார்கள். 2023 ஜூனில் அங்கே 16 முதல் 24 வயதுவரை உள்ளவர்களின் வேலையின்மை 21.3 சதவீதம். அது பொருளாதார நெருக்கடி, இது மதக் கொள்கை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள்.

எழுதும்போது ‘வீட்டோடு மகள்’ என்று இரண்டு சொல்லாகவே எழுதுங்கள். பன்மையில் வீட்டோடு மகள்கள், இயக்கத்தைச் சொல்லும்போது வீட்டோடு மகள் இயக்கம். ஒட்டி எழுதினால் மெய்ப்புத் திருத்துபவர் பிழை என்று நினைத்து ‘வீட்டு மகள்’ ஆக்கிவிடுவார், அப்புறம் அது வாடகை வாங்குகிறவர் வீட்டுப் பெண்ணாகிவிடும்.