இடம் ஒன்று, லாரி இரண்டு

மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் பார்த்துக்கொடுப்பது என் வேலை. அடிக்கடி வரும் புகார்: ஒரே இடத்தை இரண்டு லாரிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். திட்டு வாங்குவது கேட் கிளார்க். தப்பு அவர்மேல் இல்லை.

முதல் கேட்டில் ஒருவர் தேடுகிறார். பி-14 காலி என்று திரை காட்டுகிறது. அதே நொடியில் இரண்டாம் கேட்டிலும் பி-14 காலி. முதலாமவர் பதிகிறார். அடுத்தவரும் பதிகிறார், முதல் பதிவின்மேல் இரண்டாவது ஏறி உட்கார்ந்துவிடுகிறது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இருக்கும் அந்தத் துளி இடைவெளிதான் வில்லங்கம். ரேஸ் கண்டிஷன் என்பது இதைத்தான். ஒரே ஆள் உட்கார்ந்து சோதித்தால் வராது. எண்ணூர் விரைவுச் சாலையில் தேங்கிய லாரிகள் மொத்தமாக வந்து இறங்கும்போதுதான் வரும். அதனால் 'எங்க ஆபீஸ்ல சரியா ஓடுதே' என்ற பதிலை நான் ஏற்பதே இல்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் மின்கட்டுப்பாட்டு அறை ஒன்றின் அலாரம் மென்பொருள் இதே ரகப் பிழையால் முடங்கியது. ஊழியர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. அன்றைய மின்தடையில் சுமார் 5 கோடிப் பேர் இருளில் கிடந்தார்கள்.

பலர் நிரலுக்குள் ஒரு லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு, போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நிரல் ஓடும் சர்வர் ஒன்று இருக்கும்வரை சரி. இரண்டாவது சர்வர் வந்தால் அந்த லாக் அதற்குத் தெரியாது. காவல், எல்லா சர்வருக்கும் பொதுவாகப் பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். 'பி-14 இன்னும் காலியாக இருந்தால் மட்டும் இந்த லாரிக்குக் கொடு' என்று ஒரே அப்டேட் கட்டளையாக எழுதுங்கள். பிறகு எத்தனை ரோ (டேட்டாபேஸ் அட்டவணையின் வரி) மாறியது என்று பாருங்கள். 1 என்றால் இடம் கிடைத்துவிட்டது. 0 என்றால் வேறு யாரோ முந்திவிட்டார். அடுத்த இடத்தைத் தேட வேண்டியதுதான்.

கன்டெய்னரை இடம் மாற்றும்போது இரண்டு இடங்களையும் லாக் செய்ய வேண்டிவரும். ஒருவர் பி-14ஐப் பிடித்துக்கொண்டு பி-20க்குக் காத்திருக்க, மற்றவர் பி-20ஐப் பிடித்துக்கொண்டு பி-14க்குக் காத்திருந்தால் இருவருமே நகர முடியாது. இது டெட்லாக். எந்த நிரலானாலும் சிறிய எண்ணை முதலில் பிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. அப்புறம், லாக்கைப் பிடித்துக்கொண்டே எஸ்எம்எஸ் அனுப்பக் காத்திருக்காதீர்கள். பின்னால் வரும் எல்லாரும் நின்றுவிடுவார்கள்.

யார்டு உரிமையாளர்களே, பணம் கொடுக்கும் முன் மென்பொருள் செய்தவரிடம் ஒன்று கேளுங்கள்: ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் 50 பதிவுகளை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று ஏற்கப்பட்டு 49 திரும்பி வர வேண்டும். இரண்டு ஏற்கப்பட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.