கண்நரம்பு அமுங்கிப் பார்வை குறைந்தால்: திருகோணமலையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையும் நிதி உதவியும்

கண்ணாடியை மாற்றியும் பார்வை தெளியவில்லை, பக்கத்தால் வரும் ஓட்டோ கண்ணில் படவில்லை என்றால் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாதீர்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வளர்ந்தால், அதற்கு மேலே இரு கண்நரம்புகளும் சந்திக்கும் இடத்தை அது அமுக்கும். முதலில் போவது பெரும்பாலும் இரு பக்க ஓரப் பார்வைதான். நேரே உள்ள எழுத்து தெரிவதால் பலர் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு ஒரு சிவப்பு மூடியைப் பாருங்கள். ஒரு கண்ணில் நிறம் வெளிறித் தெரிந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் காட்டி, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்குக்குக் கடிதம் கேட்கலாம். பார்வைப் புலப் பரிசோதனையும் (ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) ஸ்கேனும் தேவையா என்று அங்கே வாய்திறந்து கேளுங்கள். கட்டி இருப்பது உறுதியானால் கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகள் போன்ற, நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, வருமானமும் பார்ப்பதில்லை. தனியாரிடம் முதலில் காட்டியிருந்தாலும் அந்த ஸ்கேனோடு அரச கிளினிக்குக்குப் போகலாம்.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றை மூக்கின் வழியாகவே அகற்றுகிறார்கள். மண்டையைத் திறக்க வேண்டும் என்ற பயத்தில் தள்ளிப்போடுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். புரோலாக்டின் என்ற ஹோர்மோனைச் சுரக்கும் கட்டி என்றால் மாத்திரையிலேயே சுருங்குவதுண்டு. அதனால் ஹோர்மோன் இரத்தப் பரிசோதனை முதலில் அவசியம். அமுக்கம் நீங்கியதும் சிலருக்குச் சில நாட்களிலேயே பார்வை திரும்பத் தொடங்கும். ஆனால் நெடுநாள் நசுங்கி இறந்த நரம்பிழை மீண்டும் முளைக்காது.

தனியார் வைத்தியசாலையில் செய்ய வேண்டி வந்தால் 1978இல் தொடங்கிய ஜனாதிபதி நிதியத்திடம் மருத்துவ உதவி கேட்கலாம். இதற்குக் குடும்ப வருமானம் பார்க்கப்படும். 2025 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்ததும் உடனே போய், என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி, ஸ்கேன் அறிக்கை, அடையாள அட்டை எல்லாவற்றிலும் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

திடீரென்று தாங்க முடியாத தலையிடி, வாந்தி, அதோடு பார்வையும் மங்கினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.