பில்லில் ஒரே யூனிட், கோட்டில் வேறு வீடு

மின் பகிர்மானத் தரவை அலசுவது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இரண்டு வீடுகளைக் காட்டுவேன். இரண்டு மாத பில்லில் இரண்டுமே 400 யூனிட். ஒன்றில் காலையில் மோட்டார், பகல் முழுக்க மின்விசிறியும் டிவியும், ஒன்பது மணிக்கு எல்லாம் அடங்கிவிடும். மற்றதில் பகலில் சலனமே இல்லை, இரவு பத்துக்கு மேல் விடிய விடிய ஏசி. முதல் வீட்டில் ஓய்வுபெற்றவர்கள், அடுத்ததில் வேலைக்குப் போகிறவர்கள் என்று நினைக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை, எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மீட்டர் வரைந்த கோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வீடு, கடை, தொழிற்சாலை, விவசாயம் என்ற கட்டண வகை, இணைப்பு எதற்கு என்று சொல்லும். எந்த நேரத்தில் இழுக்கிறது என்று சொல்லாது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அதில் எந்த மாதிரி வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பில்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ரீடிங்கைத் தானாகவே பதிந்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் நாளுக்கு 96 எண்கள். இரண்டு மாதத்துக்கு ஒரே ரீடிங் இருந்த இடத்தில் இப்போது ஐயாயிரத்துக்கும் மேல்.

இவற்றை வைத்து ஒரே சாயலில் இருக்கும் வீடுகளைச் சேர்க்கிறோம். முதலில் ஒவ்வொரு எண்ணையும் அன்றைய மொத்தத்தால் வகுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய வீடு, சின்ன வீடு என்றுதான் பிரியும். அதற்கு ஸ்லாபே போதுமே! அப்புறம், ஒத்த கோடுகளைக் கணினியே குழுவாகச் சேர்க்கும் கே-மீன்ஸ் போன்ற ஒரு கணக்கு முறை. நான்கு குழு கேட்டால் நான்கு தரும், பன்னிரண்டு கேட்டாலும் முகம் சுளிக்காமல் தரும். எது சரி என்று பார்க்கக் கணக்கு அளவுகோல்கள் உண்டு. நான் வைத்திருக்கும் சோதனை வேறு: இந்தக் குழுவுக்காக உதவிப் பொறியாளர் தனியாகச் செய்ய ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது தனிக் குழுவே இல்லை.

ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். நாள் முழுக்க ஒரே மட்டத்தில் கோடு ஓடும் ஒரு குழு வந்தது. பூட்டிய வீடுகள், ஃபிரிட்ஜ் மட்டும் ஓடுகிறது என்று பெயரும் வைத்துவிட்டோம். பிறகு பார்த்தால், சிக்னல் கிடைக்காத மீட்டர்கள்! நள்ளிரவு ரீடிங் மட்டும் வந்து சேர, மென்பொருள் அன்றைய மொத்தத்தை 96 சம பங்காக்கி நிரப்பியிருந்தது. மின்தடையும் இப்படித்தான் ஏமாற்றும். கரண்ட் திரும்பியதும் இன்வெர்ட்டர்கள் எல்லாம் சேர்ந்து சார்ஜ் ஏறும், புதிதாக ஒரு வகை வாடிக்கையாளர் முளைத்ததுபோல் தெரியும். அதனால் தடை வந்த நாட்களைத் தனியே எடுத்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமையை வார நாட்களோடு கலப்பதில்லை. மே மாதத்தையும் மார்கழியையும் ஒரே கோட்டில் போடுவதும் இல்லை.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-ல் வந்த திருத்தம், விவசாயம் தவிர்த்த இணைப்புகளை நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் இறங்க வேண்டும், பீக் ஹவரில் ஏற வேண்டும். அப்படி வரும்போது, பகலில் ஆள் இருக்கும் அந்த முதல் வீட்டுக்கு ஒன்றும் செய்யாமலே பில் குறையலாம். வாஷிங் மெஷினையும் மோட்டாரையும் மதியத்துக்குத் தள்ள முடிந்தவர்களுக்கும் லாபம்தான். இரவு ஏசியை யார் மதியத்துக்குத் தள்ளுவது? எல்லாரையும் ஒரே சராசரியாக வைத்துக் கட்டணம் போட்டால், மாற வழியே இல்லாதவர் தலையில்தான் விழும். குழுவாகப் பிரிப்பதை நான் ஆதரிப்பதே இதற்காகத்தான்.

ஆனால் அதே கோடு உங்கள் வீட்டு நடமாட்டத்தையும் சொல்லிவிடுகிறது. நெதர்லாந்தில் 2009-ல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டம், தனியுரிமைக் கவலையால் மேலவையில் நின்றுபோனது. கட்டணமும் டிரான்ஸ்ஃபார்மர் திட்டமும் போட, குழுவின் சராசரிக் கோடே பெரும்பாலும் போதும். ஒவ்வொரு வீட்டின் 15 நிமிடப் பதிவையும் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள் என்று மீட்டர் மாட்ட வருகிறவர்களிடமும் அலுவலகத்திலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

போன வருடம் புதிதாக வந்த பையன் ஒருவன் திரையைப் பார்த்துவிட்டு, “மேடம், இந்த வீட்ல பத்து நாளா ஆளே இல்ல போல” என்றான். சரியாகத்தான் சொன்னான். கோட்டுக்கு மேலே இணைப்பு எண் பளிச்சென்று தெரிந்தது. அன்று சாயங்காலமே அதை மறைத்துவிட்டேன்.