காய்ச்சலோடு மூட்டும் வீங்கினால், எலியைப் பற்றியும் கேட்க வேண்டும்

காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக ஒருவர் வந்தால் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் இருக்கும். எத்தனை நாளாகக் காய்ச்சல், முதலில் எந்த மூட்டு வலித்தது, காலையில் விறைப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது வாதம் இருக்கிறதா. இந்த வரிசையில் அடிக்கடி விடுபட்டுப்போவது எலியைப் பற்றிய கேள்வி. அதைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. கேட்காமல் விட்டால் நோயாளி வாரக்கணக்கில் வேறு ஏதோ நோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நான் சொல்வது எலிக்கடிக் காய்ச்சல். நாம் பொதுவாக எலிக்காய்ச்சல் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் வேறு. அது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவுவது. எலிக்கடிக் காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோபாசில்லஸ் மோனிலிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா. எலியின் மூக்கிலும் தொண்டையிலும் வசிக்கும். எலிக்குப் பொதுவாக எந்தத் தொந்தரவும் தராது. அதனால் 'எங்க எலி நல்லாத்தானே இருக்கு' என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கடித்து மூன்று முதல் பத்து நாளுக்குள், சிலருக்கு மூன்று வாரம் வரை தள்ளிப்போய், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். தலைவலி, வாந்தி, உடம்புவலி சேரும். இதற்குள் கடிவாய் ஆறிப் போயிருக்கும் என்பதுதான் சிக்கல். காய்ச்சலையும் அந்தப் பழைய கீறலையும் நோயாளி முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை. இரண்டு மூன்று நாளில் கை கால்களில் சிவந்த புள்ளிகள் தோன்றலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரும் நோய்கள் குறைவு, ஆகவே அது ஒரு நல்ல துப்பு. அப்புறம் மூட்டுகள். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, முழங்கை, விரல் மூட்டு என்று ஒன்று மாற்றி ஒன்றாகவோ ஒரே சமயத்திலோ வலித்து வீங்கும். பலருக்கு இது வலியோடு நின்றுவிடும். சிலருக்கு மூட்டுக்குள்ளேயே கிருமி புகுந்து சீழ் பிடித்துவிடும். அது அரிதுதான், ஆனால் அவசரம். சீழ் தேங்கிய மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 'எலி கடிச்சுதா?' என்று மட்டும் கேட்டால் 'இல்லை டாக்டர்' என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'வீட்ல எலி வளர்க்கிறீங்களா?' என்று கேட்டால் கதை மாறும். 'ரெண்டு இருக்கு டாக்டர். கடிக்கவே கடிக்காது. தோள் மேலதான் உக்காந்திருக்கும், என் வாயிலேர்ந்தே பிஸ்கட்டை எடுத்துத் திங்கும்.' அந்தப் பிஸ்கட் போதும். எலியின் எச்சில் வாய்க்குள்ளோ தோலில் உள்ள சிறு கீறலிலோ பட்டாலே தொற்று வரலாம். நோய் உறுதியானவர்களில் கணிசமானோர் கடி வாங்கியதாகச் சொல்வதே இல்லை. பாம்புக்குத் தீனியாக எலி வாங்குபவர்கள், செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்பவர்கள், ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைக் கையாள்பவர்கள், எலித்தொல்லை உள்ள இடத்தில் உறங்குபவர்கள் எல்லோரிடமும் இதைக் கேட்க வேண்டும். எலி வாய் வைத்த உணவாலும் பரவும். 1926-இல் அமெரிக்காவின் ஹேவர்ஹில் நகரில் காய்ச்சாத பால் வழியே பலருக்கு இது பரவியது. அந்த வகைக்கு இன்றும் ஹேவர்ஹில் காய்ச்சல் என்றுதான் பெயர்.

எலியை யாரும் நினைக்காதபோது இந்த மூட்டு வீக்கம் முடக்குவாதமாகவோ வைரஸ் காய்ச்சலாகவோ, தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலாகவோ தெரியும். பால்வினை நோயான கொனோரியாவும் இதேபோல் மூட்டையும் தோலையும் பிடிக்கும். போதாக்குறைக்கு, சிஃபிலிஸுக்கான விடிஆர்எல் பரிசோதனை சிலருக்குப் பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டி வீட்டில் தேவையில்லாத சண்டையை மூட்டிவிடும். எனக்கு அதிகக் கவலை தருவது ஸ்டீராய்டு. வாதம் என்று நினைத்து அதைக் கொடுத்தால் ஓரிரு நாள் வலி குறையும், உள்ளே கிருமி பெருகும்.

ஆகவே காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாக வீங்கியிருந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே அதிலிருந்து ஊசியால் நீர் எடுத்துவிட வேண்டும். நல்ல மூட்டில் நீர் தெளிவாக, இழுத்தால் இழை விடும் அளவுக்குப் பிசுபிசுப்பாக இருக்கும். சீழ் பிடித்த மூட்டிலிருந்து வருவது கலங்கலாக, மஞ்சளாக, தண்ணீராக இருக்கும். அதில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்குப் பெரும்பாலும் 50,000-ஐத் தாண்டும், சில சமயம் குறைவாகவும் இருக்கும். யூரிக் அமிலப் படிகங்கள் தெரிந்தாலும் 'கவுட்தான்' (அந்தப் படிகங்களால் வரும் மூட்டு வாதம்) என்று மூடிவிடக் கூடாது. கவுட்டும் கிருமியும் ஒரே மூட்டில் இருக்கலாம்.

இதற்கப்புறம்தான் இந்தக் கிருமி கண்ணாமூச்சி ஆடும். கிருமிக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கிராம் சாயத்தில் நீண்ட இழைகளாக, இடையிடையே புடைப்புகளோடு தெரியும். அவசரமாகப் பார்ப்பவருக்கு அது சாயக் கசடு. லேபில் கிருமி வளர்க்கும் சாதாரண ஊடகத்தில் வளராது. ரத்தமோ சீரமோ சேர்த்த ஊடகமும் கரியமில வாயு கூடுதலாக உள்ள சூழலும் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் பல கல்ச்சர் (கிருமி வளர்ப்பு) பாட்டில்களில் சோடியம் பாலியனெத்தால் சல்ஃபனேட் என்ற பொருளைச் சேர்த்திருப்பார்கள். அதுவே இந்தக் கிருமியை வளரவிடாமல் அடக்கிவிடும். வளர்ந்தாலும் இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். திரவ ஊடகத்தின் அடியில் பஞ்சுத் துணுக்குகள் போலத் திரண்டு நிற்கும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வந்தால் இங்கே அதற்கு மதிப்பு குறைவு. மாதிரியை அனுப்பும் சீட்டில் 'எலித் தொடர்பு உண்டு' என்று எழுதுங்கள் என்று இளம் மருத்துவர்களிடம் நான் நச்சரிப்பது இதனால்தான். அதைவிட நல்லது, லேபுக்கு ஒரு போன் போட்டுவிடுவது. சொன்னால் ஊடகத்தை மாற்றுவார்கள், கூடுதல் நாள் வைத்திருப்பார்கள். அப்படியும் வளராவிட்டால் மூட்டு நீரிலேயே 16எஸ் என்ற பாக்டீரியா மரபணுவைத் தேடும் சோதனை செய்து கிருமியை அடையாளம் காணலாம்.

கண்டுபிடிப்பதில்தான் இத்தனை பாடு, சிகிச்சை சுலபம். பென்சிலினுக்கு இந்தக் கிருமி நன்றாகவே பணியும். செஃப்ட்ரையாக்சோனும் வேலை செய்யும். இவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின். மூட்டுக்குள் போகாத தொற்றுக்கு, முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் மொத்தம் இரண்டு வாரம் போதும். மூட்டில் சீழ் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வரை போகும். மருந்து மட்டும் போதாது, சீழையும் வெளியேற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ஊசியால் எடுக்கலாம், அல்லது மூட்டுக்குள் சிறு துளை வழியே கருவி செலுத்திக் கழுவலாம். இதய வால்வில் கிருமி ஒட்டியிருக்கிறதா என்று எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்ப்போம். சிகிச்சையே இல்லாமல் விட்டால் பத்தில் ஒருவர் வரை இறக்கக்கூடிய நோய் இது.

எலி கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எலியால் வெறிநோய் வருவது மிக மிக அரிது, என்றாலும் அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். எலி வளர்ப்பவர்கள் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச வேண்டாம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள். சின்னக் குழந்தைகளிடம் எலியைத் தனியாக விடாதீர்கள். கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ மூட்டு வலியோ வந்தால், யாரும் கேட்கும்வரை காத்திராமல், போனதும் முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.