விரல் நீளக் கம்பி சொல்லும் உயரம்

டெஸ்லா மாடல் எஸ் காரின் முன்சக்கரத்தை ஒருபக்கமாகத் திருப்பி வைத்து, மட்கார்டின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ட்ரோல் ஆர்முக்கும் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையவிடும் கை) காரின் சட்டத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி தெரியும். இரண்டு முனையிலும் சின்னப் பந்து மூட்டு. நீளம் ஒரு விரல் அளவு. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும், இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் கார் எத்தனை உயரத்தில் நிற்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்வது இந்த லிங்க்தான். கணினி தரையைப் பார்ப்பதில்லை. லிங்க்கின் மேல்முனையில் இருக்கும் சென்சாரின் நெம்புகோல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கோணம் குறித்த அளவைவிட ஏறினால் கார் உயர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு காற்றை வெளியே விடும்; இறங்கினால் கம்ப்ரசரை ஓட்டும்.

இப்படி ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரைத் தாழ்த்துவது என்பது இந்தக் கோணத்தை மாற்றுவதுதான். சுருள் ஸ்பிரிங் காரில் ஸ்பிரிங்கைக் கழற்றிக் குட்டையானதை மாட்ட வேண்டும். இங்கே காற்றுப்பையைத் தொடவே வேண்டாம். லிங்க்கின் நீளம் மாறினால் போதும். செலவு குறைவு, வேலை ஒரு மணி நேரம். சிக்கல் என்னவென்றால், அந்தச் சென்சாரின் பேச்சை நம்பி வேறு பலவும் இயங்குகின்றன. அவற்றையும் சரிசெய்யாமல் விட்டால் டயரும் ஹெட்லைட்டும் விலை கொடுக்கும்.

முதலில் காற்றுப்பைக்குள் நடப்பதைப் பார்ப்போம், ஏனென்றால் இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: கார் தாழ்ந்தால் உள்ளே அழுத்தமும் குறைந்துவிடும் என்று. ஏறக்குறைய குறையாது. காரின் எடை மாறவில்லையே! அந்த எடையைத் தாங்க எவ்வளவு அழுத்தம் தேவையோ அது தாழ்ந்த நிலையிலும் தேவை. வெளியேறுவது காற்றின் அளவு. அதனால் குறைவது பையின் கொள்ளளவு.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஒரு சக்கரத்தின் மேல் 480 கிலோ எடை, பையின் பயன்படு விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. தேவையான அழுத்தம் கிட்டத்தட்ட 6 பார். கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பைக்குள் காற்றுத் தூணின் உயரம் 25 செ.மீ. என்றால், மேடு பள்ளத்தில் சட்டென்று அமுங்கும்போது ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 31 நியூட்டன் வரும்; கார் மேலும் கீழும் ஆடும் வேகம் நொடிக்கு 1.27 முறை. அதே காரை 3 செ.மீ. தாழ்த்தினால் தூண் 22 செ.மீ. ஆகிறது. அழுத்தம் அதே 6 பார், ஆனால் விறைப்பு 35 நியூட்டன், ஆட்டம் நொடிக்கு 1.36 முறை. குறைந்த காற்றை அமுக்குவதால் அது சீக்கிரமே எதிர்த்து நிற்கிறது. தாழ்த்திய காரில் சவாரி கொஞ்சம் கட்டியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஷாக் அப்சார்பர் கெட்டுவிட்டது என்று சந்தேகப்படத் தேவையில்லை. போர்ஷே டைகானின் காற்றுப்பையில் மூன்று அறைகள் வைத்ததும் இதே இயற்பியலை வைத்துத்தான்: அறைகளைத் திறந்து கொள்ளளவைக் கூட்டினால் மென்மை, மூடினால் விறைப்பு.

வெளியே போகும் காற்று சும்மா போவதில்லை என்பதும் அழகான விஷயம். கம்ப்ரசரின் வாயில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரம்பிய ஒரு குப்பி இருக்கும். காற்று உள்ளே போகும்போது அதன் ஈரத்தை இந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். கார் இறங்கும்போது, உலர்ந்த காற்று அதே மணிகளின் வழியாகத் திரும்பி வந்து, பிடித்து வைத்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வெளியேறும். கார் தாழும்போது கேட்கும் அந்த 'உஸ்' சத்தம் மணிகள் உலரும் சத்தமும்கூட. எங்காவது கசிவு இருந்தால் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், இந்த வழியாகத் திரும்பாது. மணிகள் ஊறிப்போகும், காற்றை நான்கு பைகளுக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கில் நீர் சேரும், குளிர்நாட்டில் அது உறைந்து அடைத்துக்கொள்ளும். கம்ப்ரசர் சூடேறித் தானாக நின்றுவிடும் கார்களில், உண்மையான குற்றவாளி பெரும்பாலும் ஒரு மூலையில் மடிப்போரம் வெடித்த காற்றுப்பைதான்.

இனி வேலை. லிங்க் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: திரையிலேயே இருக்கும் 'லோ' உயரத்தில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே வீட்டு வாசல் சரிவில் அடி தட்டினால், லிங்க் உங்களுக்கானது இல்லை.

சமதளத் தரையில், 'ஸ்டாண்டர்ட்' உயரத்தில், டயர் காற்று சரியாக இருக்கும்போது, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்கும். பிறகு திரையில் ஜாக் மோட், அதாவது உயரத்தைத் தானாகச் சரிசெய்வதை நிறுத்தி வைக்கும் நிலை. இதை மறந்துவிட்டு ஜாக்கி ஏற்றினால் நடப்பது இது: சக்கரம் கீழே தொங்கும், சென்சார் 'கார் ரொம்ப உயரம்' என்று சொல்லும், கணினி காற்றைத் திறந்துவிடும். காலியான பையின் மடிப்பு தாறுமாறாக உள்ளே போகும். காரை இறக்கும்போது அந்த மடிப்பு நசுங்கிக் கிழியலாம். ஜாக்கி வைக்கும் இடம் பக்கவாட்டில் உள்ள நான்கு புள்ளிகள் மட்டுமே, ரப்பர் கட்டையோடு. நடுவில் இருப்பது பேட்டரி. அதன் மேல் ஒரு கிலோ பாரம்கூட வரக்கூடாது.

லிங்க்கைக் கூட்டவா, குறைக்கவா? சென்சார் ஆர்முக்கு மேலே இருந்தால் லிங்க் குட்டையாக வேண்டும். கீழே இருந்து லிங்க் மேல்நோக்கிப் போனால் நீள வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு சின்ன விகிதம். ஆர்மின் உள்மூட்டிலிருந்து சக்கரம் வரை உள்ள தூரத்தில், லிங்க் 40 சதவீதத்தில் மாட்டியிருந்தால், லிங்க்கில் 10 மி.மீ. மாற்றம் சக்கரத்தில் 25 மி.மீ. ஆகும். 30 மி.மீ. தாழ்த்த 12 மி.மீ. போதும். எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) மரையில் ஒரு சுற்று என்பது 1 மி.மீ.; சக்கரத்தில் அது 2.5 மி.மீ. அதனால் இடது, வலது லிங்க்குகளைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள். பந்து மையத்திலிருந்து பந்து மையம் வரை வெர்னியரில் அளந்து, அரை மி.மீ.க்குள் ஒன்றாக்கிய பிறகே லாக் நட்டை இறுக்குங்கள்.

ஒரு மூலை மட்டும் பிசகினால் என்ன? கால்கள் சமமில்லாத ஸ்டூலை நினைத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டு பாரத்தை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். காரிலும் அதேதான்: பார்வைக்குத் தட்டையாக நிற்கும், பிரேக் போட்டால் ஒருபக்கம் இழுக்கும். மொத்தமாகத் தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. நெம்புகோலும் லிங்க்கும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும்போதுதான் சென்சார் ஒழுங்காகப் பேசும். இரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால், ஒரு பெரிய குழியில் நெம்புகோல் எதிர்ப்பக்கம் மடங்கிவிடலாம். அப்புறம் கணினிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. கார் ஒரேயடியாக ஏறும் அல்லது படுத்துவிடும். 25 முதல் 30 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள் என்பதே என் கருத்து.

எல்லாம் இறுக்கிய பிறகு ஸ்டாண்டை எடுத்து, சக்கரம் தரையைத் தொட்டதும், யாரும் மட்கார்டுக்குள் கை வைக்காமல் விலகி நிற்க வேண்டும். ஜாக் மோட் விலகியவுடன் கார் தானாகக் கீழே உட்காரும். வேகம் மணிக்கு 7 கி.மீ. தாண்டினாலும் அது தானே விலகிவிடும். சில கி.மீ. ஓட்டி, ரப்பர் புஷ்கள் படிந்த பிறகு அதே நான்கு அளவுகளை மறுபடி எடுங்கள்.

அதன் பிறகு வீல் அலைன்மென்ட். இதைத் தள்ளிப்போடவே கூடாது. தாழ்ந்த காரில் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும். இந்தக் கேம்பரைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். டயரை உண்மையில் தின்பது டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ பார்ப்பது. பின்சக்கரத்தில் டோ வெறும் 0.2 டிகிரி பிசகினால், ஒவ்வொரு கி.மீ.க்கும் டயர் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ.யில் அது 35 கி.மீ. தூரத்துக்கு ரப்பரைத் தாரில் தேய்ப்பதற்குச் சமம். கேம்பர் கூடியிருப்பதால் அந்தத் தேய்ப்பு பெரும்பாலும் டயரின் உள்விளிம்பில் விழும், வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. மின்காரின் எடையும் உடனடி இழுவிசையும் இதை இன்னும் விரைவுபடுத்தும். அலைன்மென்ட் கடையில் காரை நீங்கள் அதிகம் ஓட்டும் உயரத்தில் வைத்து, உயரம் மாறாமல் பூட்டிய பிறகே கோணம் எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கக் கேம்பர் எல்லை தாண்டிப் போனால், நீளம் மாற்றத்தக்க ஆர்ம் மாட்டுவதுதான் வழி.

அடுத்தது ஹெட்லைட். தானாக ஒளிக்கற்றையைச் சரிசெய்யும் அமைப்பும் இதே சென்சார்களைத்தான் கேட்கிறது. மாடல் எஸ்ஸின் அச்சு இடைவெளி 2.96 மீட்டர். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 10 மி.மீ. கூடுதலாகத் தாழ்ந்தால், 25 மீட்டர் தள்ளி ஒளி சுமார் எட்டரை செ.மீ. உயரும். எதிரே வருபவரின் கண் கூசும்; சென்சாரோ எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சுவரில் குறி வைத்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

லாபம் எவ்வளவு? தொடக்ககால மாடல் எஸ்ஸின் காற்றிழுவை எண் 0.24. 110 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்க மட்டும் ஏறக்குறைய 9.6 கிலோவாட் செலவாகிறது. தாழ்த்தியதால் இழுவை 3 சதவீதம் குறைந்தது என்று தாராளமாக வைத்தாலும், 100 கி.மீ.க்கு மிச்சம் கால் யூனிட் மின்சாரம். ரேஞ்சுக்காக மட்டும் இதைச் செய்வது வீண். வளைவில் கார் குறைவாகச் சாய்வது உண்மையான லாபம்; தோற்றம் இன்னொன்று. இரட்டை மோட்டார் கார்களில் மோட்டாரின் சுழற்சியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் நேராவதால், முழு வேகம் எடுக்கும்போது வரும் அதிர்வும் குறையும்.

மின்காரில் தாழ்த்துவதற்கான தனி எச்சரிக்கை அடிப்பாகம். பெட்ரோல் காரில் கீழே தட்டினால் சைலன்சர் போகும். இங்கே தரைக்கு அருகில், இரு அச்சுகளுக்கும் நடுவே விரிந்து கிடப்பது பேட்டரி. 2013 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சாலையில் கிடந்த ஓர் உலோகத் துண்டு மாடல் எஸ்ஸின் அடியில் குத்தித் தீப்பிடித்தது. நவம்பரில் டென்னசியிலும் அதேபோல் ஒன்று. அந்த நவம்பரிலேயே டெஸ்லா மென்பொருள் வழியாக, நெடுஞ்சாலை வேகத்தில் கார்கள் கூடுதல் உயரத்தில் ஓடும்படி மாற்றியது. 2014 மார்ச்சில் டைட்டானியம் தகடும் அலுமினியக் காப்பும் அடியில் சேர்க்கப்பட்டன. லிங்க் மாட்டியவர் அந்தக் கூடுதல் உயரத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறார்.

வேகத்தடையிலும் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் 1970களில் உருவாகி, சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதியிலும் உள்ள வட்டமுதுகு வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம். 2.96 மீட்டர் அச்சு இடைவெளியுள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது, முதுகு சக்கரங்களின் மட்டத்துக்கு மேல் 6.4 செ.மீ. எழும்பி நிற்கும். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் 14 செ.மீ. இடைவெளி உள்ள கார் என்றால் மிச்சம் 7.6. லிங்க் 3 எடுத்துக்கொண்டால் 4.6. அதற்கு மேல் கணினி 'லோ' என்று இன்னொரு 2 செ.மீ. இறக்கினால் 2.6. இது விதிப்படி கட்டிய தடைக்கு; அளவில்லாமல் கொட்டிய தார்மேட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே திரையில் 'ஹை' போட்டே கடக்க வேண்டும். ஒருமுறை உயர்த்திய இடத்தை ஜிபிஎஸ் வழியாக நினைவில் வைத்து, அடுத்த முறை தானே உயர்த்தும் வசதி 2014 முதல் மாடல் எஸ்ஸில் இருக்கிறது. லிங்க் மாட்டிய பிறகும் அது வேலை செய்யும்.

குளிர்ந்த காலையில் கார் கொஞ்சம் கூடுதலாகப் படுத்திருந்தால் பதற வேண்டாம். வெப்பம் 27 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு இறங்கினால், 25 செ.மீ. காற்றுத்தூண் ஒன்றரை செ.மீ.க்கு மேல் சுருங்கும், கிளப்பியதும் சரியாகிவிடும். நான்கும் சமமாக இறங்கியிருந்தால் குளிர், ஒரு மூலை மட்டும் என்றால் கசிவு. சோப்பு நீரைப் பையின் மடிப்பிலும் குழாய் மூட்டிலும் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும்.

சர்வீஸுக்கு விடும்போது லிங்க் மாற்றியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். மெக்கானிக் உயர அளவுகளைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுத்தால், புதிய லிங்க்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு கார் பழைய உயரத்துக்கே ஏறிவிடும். பழைய லிங்க்கைத் திரும்ப மாட்டினால் அப்போது உயரம் மொத்தமும் பிசகும். அலைன்மென்ட் முடிந்து 2,000 கி.மீ. ஓடியதும், காரை நிறுத்தி, பின்டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். டயரின் குறுக்கே ஒருபக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கமாகத் தடவும்போது ரம்பப் பல்லாகவும் விரலில் பட்டால், டோ இன்னும் சரியாகவில்லை.